ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு

எய்யா, தோசைக் கரண்டியால் உன் முதுகில் நான் போட்ட இடம் இந்நேரம் ஆறியிருக்கும். கரண்டி கல்லிலேயே கிடந்து சூடேறியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். அம்மா மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாள் என்று நினைத்து இதைப் பிரித்திருந்தால் அந்த நினைப்பை அப்படியே ஓரமாக வை. ஆவணியில் உனக்குக் கல்யாணம். பெண் வீட்டார் கோயம்புத்தூரில் மண்டபம் பார்த்துவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டி வீட்டை விட்டு இறங்கிப் போனவன் இதுவரை போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் நான் இரண்டாவது வார்த்தையில் கத்துவேன், நீ மூன்றாவது வார்த்தையில் வைத்துவிடுவாய். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகக் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை பழகிவிட்டது. எழுதும்போது கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நடந்தது உனக்குத் தெரியும்தான். ஆனால் நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய், நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். நாகலாபுரத்தில் என் பங்காக வந்த நிலம், ஒரு ஏக்கர் நாற்பத்திரண்டு செண்ட்டும் அதற்கு மேல் ஒரு புள்ளிக் கணக்கும். போன வருஷம் எனக்கு நெஞ்சு வலி வந்ததும் பயந்துபோய் அதை உனக்கும் உன் தங்கச்சிக்கும் பொதுவாக எழுதி வைத்தேன், பிரிக்காமல். இப்போது சோலார்க்காரர்கள் குத்தகைக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள், ஒரே ஆள் பெயரில் இருந்தால் சுலபம் என்கிறார்கள். அவள் தன் பங்கை உனக்கு விட்டுக்கொடுப்பதாக நீ விடுதலைப் பத்திரத்தை டைப் அடித்தே கொண்டுவந்துவிட்டாய். கோமதியைப் புதியம்புத்தூரிலிருந்து விருந்துக்கு வா என்று சொல்லி வரவழைத்தாய். அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, அண்ணன் கல்யாணத்துக்கு என்ன கலர் சேலை எடுப்பது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சாப்பிட்ட கை காயவில்லை, நீ காகிதத்தை நீட்டினாய்.

"அண்ணே, நீயே குத்தகைக்கு விடு, நான் வேண்டாங்கலை. எம்பேர எடுக்கச் சொல்லாத" என்று அவள் சொன்னாள்.

"ஒனக்குத்தான் நகை போட்டு சீர் செஞ்சு அனுப்பியாச்சுல்லா. பெறவு என்னட்டி பேரு?"

நான் அடுப்படியிலிருந்தே, பிரித்துக்கொள்ளுங்கள், சரி பாதி, சண்டை வேண்டாம் என்றேன். அப்போதுதான் நீ அந்த வாக்கியத்தைச் சொன்னாய். "எப்படிம்மா பிரிக்க? மொத்தமே நூத்தி நாப்பத்திரண்டு புள்ளி எட்டு அஞ்சு ஏழுன்னு கெடக்கு. பாதி எழுவத்தொண்ணு புள்ளி நாலு ரெண்டு எட்டுன்னு முடியாமப் போவுது. இது ஒழுங்காப் பிரியுத நிலமே இல்ல." கோமதி சிரித்துவிட்டாள். "புள்ளிக்குப் பின்னால உள்ளத நீயே வச்சுக்கோ அண்ணே" என்றாள். அந்தச் சிரிப்புதான் உனக்குப் பொறுக்கவில்லை. முதல் அறையில் அவள் கம்மல் கழன்று விழுந்தது. தலைமுடியைப் பிடித்து மேஜைக்கு இழுத்தாய். வலது கையைப் பிடித்து விரலுக்குள் பேனாவைத் திணித்தாய். "போடுட்டி கையெழுத்த" என்று சொல்லிச் சொல்லி முறுக்கினாய். முருங்கைக் கொப்பு ஒடிவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் கரண்டி.

பிரியுத நிலமே இல்ல என்ற அந்த வாக்கியத்தை நான் இதற்கு முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறேன். நீ அதை யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அதுதான் என்னை இந்த ஐந்து நாளும் தூங்கவிடவில்லை. உன் தாத்தா, என் அப்பா, நாகலாபுரத்தில் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய கரிசல் பத்து ஏக்கர். சரியான சதுரம், ஒரு பக்கம் அறுநூற்று அறுபது அடி. செண்ட்டில் சொன்னால் ஆயிரம். உயில் எழுதாமல் செத்துப்போனார், உன் ஆச்சி அதற்கு முன்பே போய்விட்டாள். உன் மாமாமார் ஆறு பேர், ஏழாவதாக நான். சட்டப்படி ஏழு பங்கு. ஆனால் ஊர் வழக்கம் வேறு. கூடப்பிறந்தவளைக் கூப்பிட்டு, தாம்பாளத்தில் பட்டுச்சேலையும் வெற்றிலை பாக்கும் வைத்து, சேலைக்கு அடியில் விடுதலைப் பத்திரத்தை வைத்து நீட்டுவார்கள். அவள் சேலையை எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்ணன்மார் நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போவாள். என் சின்னம்மாக்கள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டே கடைசிவரை அண்ணன் பெருமை பேசினார்கள்.

சித்திரை மாதம். பருத்திமார் பிடுங்கி முடிந்து நிலம் வெறுமனே கிடந்தது. கரிசல் கோடையில் எப்படி வெடிக்கும் என்று உனக்குத் தெரியும், கன்றுக்குட்டி கால் உள்ளே போகும். ஆறு பேரும் கயிறு பிடித்து நூற்றிப் பத்து நூற்றிப் பத்து அடியாகக் குறித்து, கல் நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். தாம்பாளம் வேப்பமரத்தடியில் இருந்தது. நான் உன் அப்பாவோடு மொபெட்டில் போய் இறங்கினேன். உனக்கு அப்போது இரண்டு வயது, பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். கோமதி வயிற்றில், ஏழு மாதம். முந்தின வாரம்தான் வளைகாப்பு. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். முதல் வளையலைப் போட்டுவிட்டதே உன் பெரிய மாமாதான்.

நான் சேலையைத் தொடவில்லை. எனக்கும் ஒரு பங்கு அளங்க என்றேன். பெரிய மாமா கம்பு சீவிக்கொண்டிருந்த வெட்டரிவாளோடு நிமிர்ந்தார். கோபம்கூட இல்லை, கிண்டல்தான். "ஏட்டி டீச்சரம்மா, நீயே கணக்குப் போட்டுப் பாரு. ஆயிரத்த ஏழால வகுத்தா முடியுதா? நூத்தி நாப்பத்திரண்டு புள்ளின்னு ஆரம்பிச்சு எங்கனயோ போவுது. இது ஏழாப் பிரியுத நிலமே இல்ல. ஒனக்கு இல்லன்னு கணக்கே சொல்லுது, நான் சொல்லல."

எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறிவிட்டது. பங்கு தரமாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட அழுதுவிட்டு வந்திருப்பேனோ என்னவோ. என் கணக்கையே எடுத்து என் முகத்தில் எறிந்தால் நான் சும்மா வருவேனா? "ஆறால வகுத்தா மட்டும் முடிஞ்சிருதோ அண்ணே? நூத்தி அறுவத்தாறு புள்ளி ஆறு ஆறு ஆறுன்னு அதுவுந்தான் ஊர் போய்ச் சேரல. அத ஏன் ஒருத்தரும் பாக்கல? நடுவுல அஞ்சு வரப்பு போடுதிய. ஒரு அடி அகலம், அறுநூத்தி அறுவது அடி நீளம். வரப்புக்கு மட்டும் ஏழரை செண்ட்டு போவுது. வரப்புக்கு ஏழரை செண்ட்ட வாரிக் குடுப்பிய, கூடப்பொறந்தவளுக்குப் புள்ளிக்குப் பின்னால உள்ளது இடிக்குதோ? கயித்த ஏழா மடிச்சா ஏழாப் பிரியப்போவுது. இதுக்கு எதுக்குப் புள்ளி?"

மூன்றாவது மாமா சிரித்துவிட்டார். அவர் என் பக்கம் நின்று சிரிக்கவில்லை, சும்மா சிரிப்பு வந்துவிட்டது. தம்பி சிரித்ததும் பெரிய மாமாவின் முகம் மாறியது. நான் அருகில் இருந்த குழியில் நட்ட கல்லை இடது கையால் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "இத எடுத்துட்டு ஏழா அளங்க. அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்" என்றேன். அவர் ஓங்கி வெட்டினார். கல்லைத்தான் வெட்டினேன், கையை எடுப்பாள் என்று நினைத்தேன் என்று பிற்பாடு சொன்னார். நான் எடுக்கவில்லை. வளையல் அத்தனையும் சிதறிப்போனது. வளையலில் வழுக்கியதால் மணிக்கட்டு தப்பியது என்று டாக்டர் சொன்னார். சுண்டுவிரல் போய்விட்டது. வலி உடனே வரவில்லை. விரல் தரையில் உருண்டு கரிசல் வெடிப்புக்குள் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். உன் அப்பா முழங்கால் போட்டு உட்கார்ந்து வெடிப்புக்குள் கையை விட்டுத் துழாவினார். உள்ளே ஆழம் தெரியவில்லை.

அடிபட்டதும் நான் மயங்கி விழுந்தேன் என்று நினைக்காதே. பக்கத்தில் குழி தோண்டிய கடப்பாரை கிடந்தது. எழுந்து, வலது கையால் அதைத் தூக்கி, நின்றவாக்கில், அவர் இடது பாதத்தில் இறக்கினேன். அவர் அலறிய அலறலில் வேப்பமரத்துக் காக்கை எல்லாம் எழும்பிவிட்டது. பெரிய மாமா இன்றைக்கும் இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறாரே, சர்க்கரை வியாதி என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களே, அது சர்க்கரை இல்லை. எனக்கு விரல் போனது மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டும் மெஷினில் என்று சொல்லி வளர்த்தோமே, அதுவும் இல்லை. எங்கள் வீட்டில் ரத்தத்துக்கெல்லாம் ஒரு மரியாதையான பெயர் வைத்துவிடுவோம்.

ஆஸ்பத்திரியில் எங்கள் இருவரையும் அடுத்தடுத்த கட்டிலில் போட்டார்கள். அண்ணனுக்குக் காலில் கட்டு, தங்கச்சிக்குக் கையில் கட்டு. போலீஸுக்குத் தகவல் போய்விட்டது. வாக்குமூலம் வாங்க ஏட்டையா வந்துகொண்டிருக்கிறார் என்று நர்ஸ் சொன்னாள். வயிற்றுப்பிள்ளைக்காரியை வெட்டினால் எத்தனை வருஷம் உள்ளே இருக்க வேண்டும் என்று பெரிய மாமாவுக்குத் தெரியும். முகம் வெளிறிப் படுத்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி மெதுவாகத்தான் சொன்னேன். "அண்ணே, மெஷின்ல கை மாட்டிக்கிட்டுன்னு சொல்லுதேன். கெழக்கு ஓரத்துப் பங்கு எம்பேருக்கு வரணும், ஏழுல ஒண்ணு. வரலன்னா, என்ன நடந்ததுன்னு எனக்கு ஞாவகம் வந்துரும்." அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஏட்டையா வந்ததும், கடப்பாரை கைதவறிக் காலில் விழுந்ததாக அவர் சொன்னார். நானும் பொய் சொன்னேன். அதற்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை. ஒரு பொய்க்கு அதைவிட நல்ல விலை யாருக்கும் கிடைத்திருக்காது.

அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் அந்த வகுத்தலை முழுசாகப் போட்டுப் பார்த்தேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம், வலது கையால். ஆயிரத்தை ஏழால் வகுத்தால் நூற்று நாற்பத்திரண்டு, மீதி ஆறு. புள்ளி வைத்து மேலே போனால் மீதி நாலு, பிறகு ஐந்து, ஒன்று, மூன்று, இரண்டு, திரும்பவும் ஆறு. ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் ஆளுக்கொரு தடவை வந்துபோகிறது, பூஜ்யம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. ஈவில் 142857, 142857 என்று அதே ஆறு இலக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. புள்ளியைத் தூக்கிவிட்டு அதை ஒரு முழு எண்ணாக வைத்துப் பெருக்கிப் பார்த்தேன். இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் 428571. நாலால் 571428. ஐந்தால் 714285. ஆறால் 857142. அதே ஆறு இலக்கம், அதே வரிசை, தொடங்குகிற இடம்தான் மாறுகிறது. பந்தியில் இடம் மாறி உட்கார்ந்த என் அண்ணன்மார் மாதிரி. வெளியாள் ஒருத்தருக்கும் அங்கே இலை கிடையாது. பிறகு ஏழால் பெருக்கினேன். 999999. அத்தனை இலக்கமும் ஒன்பது. பெரியவன் இல்லை, சின்னவன் இல்லை. நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் வலிக்குதா அக்கா என்று கேட்டாள். பத்து லட்சத்துக்கு ஒன்று குறையுது என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பத்திரம் பதிகிற அன்றைக்கு எழுத்தர் 142.86 என்று கடைசி இலக்கத்தை ஏற்றி எழுதினார். அந்த ஒரு துளிக்கும் உன் பெரிய மாமா அவரை முறைத்தார். உங்களுக்கு எழுதி வைத்தபோது நான்தான் 142.857 என்று போடச் சொன்னேன். அகலம் தொண்ணூற்று நாலு அடி, மூன்றரை அங்குலத்துக்குச் சற்றே குறைவு. உன் அப்பா கயிற்றை ஏழாக மடித்துத்தான் அளந்தார். மடித்த கயிற்றுக்குப் புள்ளி தெரியாது. எண் யாருக்கும் பங்கு இல்லை என்று சொல்வதில்லை ராசா. கொடுக்க மனசில்லாதவன்தான் அதை வாயாக வைத்துப் பேசுகிறான். உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதைப் போன ஞாயிற்றுக்கிழமையே உன் செவிட்டில் ஒன்று விட்டுச் சொல்லியிருப்பார்.

உனக்கு நினைவிருக்கிறதா? நீ ஐந்தாவது படிக்கும்போது இந்த எண்ணை உனக்கு வித்தையாகச் சொல்லிக்கொடுத்தேன். ரேஷன் கடை வரிசையில், பஸ்ஸில், எல்லாரிடமும் ஆறுக்குள் ஒரு எண் சொல்லுங்க என்று கேட்டுப் பெருக்கிக் காட்டிப் பேர் வாங்கினாய். கோமதி உன் பின்னாலேயே அலைவாள். ஒருநாள் அவள்தான் கேட்டாள், "பெருக்கிக்கிட்டே இருக்கியே அண்ணே, ரெண்டாப் பிரிச்சா என்ன வரும்?" நீ சிலேட்டில் போட்டாய். 71428.5 என்று வந்தது. அதே ஆறு இலக்கம், நடுவில் ஒரு புள்ளி. நீ அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் ஓடினாய், எம் தங்கச்சி கண்டுபிடிச்சா என்று. இரண்டாகப் பிரித்தாலும் அந்த எண் தன் ஆட்களை விடாது என்று உனக்குக் காட்டிக்கொடுத்தவளே அவள்தான். அவள் கையைத்தான் நீ முறுக்கினாய். அதே புள்ளியைச் சொல்லித்தான் முறுக்கினாய். உன்னைப் பெற்ற வயிறு எரிகிறது எய்யா. பெரிய மாமாவின் ரத்தம் உன்னிடமும் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. என் ரத்தமும் அதேதான், கடப்பாரையைத் தூக்கியவள்தானே நான். ஆனால் நான் என் பங்கைக் கேட்டு அடித்தேன். நீ அடுத்தவள் பங்கைக் கேட்டு அடித்தாய். இது இரண்டும் ஒன்று என்று மட்டும் என்னிடம் வாதாட வராதே.

நீ போன பிறகு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. அந்தக் கையால் ஆவணி வரைக்கும் மிஷினில் துணி ஓட்ட முடியாது. எப்படியம்மா ஆச்சு என்று டாக்டர் கேட்டார். "படியில வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால். டாக்டர் அவள் கன்னத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் என் ஒன்பது விரலையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். ஆட்டோவில் வரும்போது அவளைக் கேட்டேன், ஏட்டி ஏன் அப்படிச் சொன்ன என்று. "அண்ணனுக்குக் கல்யாணம் வருதுல்லாம்மா" என்றாள். நான் என் பொய்யை விலைக்கு விற்றேன். இவள் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, அண்ணன் கல்யாணத்துக்கு என்ன சேலை எடுக்கலாம் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் அவளுக்காக நான் விலை பேசுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் நாகலாபுரம் நிலத்துக்கு வா. கயிறு நான் கொண்டுவருகிறேன். கோமதி ஒரு நுனியை இடது கையால் பிடிப்பாள். மறு நுனியை நீ பிடிக்க வேண்டும். நடுவில் நின்று நான் இரண்டாக மடிப்பேன். வெடிப்புப் பார்த்துக் காலை வை, உன் அம்மாவின் விரல் அங்கேதான் எங்கேயோ கிடக்கிறது. அங்கேயே அவள் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், என்னிடம் இல்லை, அவளிடம். அதே கையோடு பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துவிடலாம். அவளால் கையெழுத்துப் போட முடியாது. இடது கைப் பெருவிரலை வைப்பாள், அது போதும். அதற்குப் பிறகு உன் கல்யாணத்தில் பந்தி வரைக்கும் நின்று பரிமாறுகிறேன், பெண்ணைப் பெற்றவர்களிடம் உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்கிறேன்.

சனிக்கிழமை மாவுக்கட்டைப் பார்க்க டாக்டர் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். எப்படி ஆச்சு என்று மறுபடியும் கேட்பார், கேட்கிற ஆள்தான். கோமதி படியில் வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்வாள். எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல்வாள். நானும் கூடப் போகிறேன். வெள்ளிக்கிழமை நீ வரவில்லை என்றால், என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

அம்மா